குடைத்துணிக் காக்கை

ஜூன் 8, ஞாயிறு

இன்று அப்பாவிடம் நான் சொல்லாதது: "எனக்கு இதில் விருப்பமில்லை."

சொன்னது: "வெண்டை முளையை எல்லாம் காக்கா பிடுங்கிப் போட்டுருக்குப்பா."

அவர் கேட்ட கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அம்மா திவசம் அடுத்த மாசம் கழியுது. அதுக்கப்புறம் ஆவணியில நானும் செண்பகமும் கோயில்ல வச்சு மாலை மாத்திக்கிடலாம்னு நினைக்கோம். நீ என்னம்மா சொல்லுத?"

செண்பகம் யாரென்று எனக்குத் தெரியும். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தபோது அதே அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் மேசையில் இருந்தவர். இப்போதும் இருக்கிறார். தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த அன்று வந்த கூட்டத்தில், யாரும் கேட்காமல் புறவாசலில் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனவர். அவர் பெயர் இந்த வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காக்காயா?" என்றார். "முள்ளு வெட்டிப் போடேன்." எழுந்து கைகழுவப் போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிடுங்கியதைத் தின்றிருந்தால்கூட மன்னித்துவிடலாம். ஒவ்வொரு முளையையும் வேரோடு எடுத்து, பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி விதைத்தேன். மறுபடி பிடுங்கின.

இதுவரை இந்தக் காக்கைகள் செய்தவை: தொங்குதொட்டிகளின் தென்னை நாரை உருவிக்கொண்டு போனது, தக்காளி சிவக்கிற அன்று பார்த்து ஒரே ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த பழத்துக்குப் போனது, துவைகல்லில் இருந்த சோப்பையும் கொடியில் மாட்டியிருந்த கம்பி ஹேங்கரையும் தூக்கிப் போனது. வேப்பமரத்தில் கட்டிய கூட்டுக்குக் கம்பி தேவைப்பட்டதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கிருந்தோ கோழி எலும்பைக் கொண்டுவந்து துளசித் தொட்டியில் போடுகின்றன. முட்டைகூட ஏறாத வீடு இது.

அப்பாவிடம் கத்தினேன். கத்தினேன் என்பது என் அளவில். மற்றவர்கள் அதைப் பேச்சு என்பார்கள்.

"தினமும் காலையில மதில்மேல சோறு வைக்கீங்க. சாப்பாடு போடுத வீட்டை விட்டுட்டு அதுக எங்க போகும்?"

"ஒரு கைப்பிடிச் சோறு."

"அதைத் தின்னுட்டு நேரா என் பாத்திக்குத்தான் வருது."

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "உங்கம்மா இருந்த வரைக்கும் ஒருநாள் அவளுக்கு நான் சோறு எடுத்து வச்சதில்ல, பாத்துக்கோ. இதுவாவது செய்யுதேன்."

பதிப்பகத்திலிருந்து வந்த தாள்கட்டை எடுத்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். இந்த வாரம் வந்திருப்பது கோபத்தைக் கையாள்வது பற்றிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பிழை. ஆசிரியர் நல்ல கோபத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

பழைய சி.டி.க்களை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு காக்கை அதில் வெகுநேரம் முகம் பார்த்தது.

ஜூன் 15, ஞாயிறு

செண்பகம் வந்திருந்தார். அப்பா அழைத்திருக்கிறார், என்னிடம் காலையில்தான் சொன்னார். நான் கேசரி செய்தேன். நன்றாகவே செய்தேன். மோசமாகச் செய்திருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசினேன். "காப்பி எடுத்துக்கோங்க." "வெயில் ஜாஸ்தியா இருக்குல்லா." பெயரும் உறவும் இல்லாமல் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

கத்தரி நாற்று கொண்டுவந்திருந்தார். புறவாசலுக்கு வந்து பாத்திகளைப் பார்த்தார். வேப்பமரத்துக்குக் கீழே போனார். கூட்டில் குஞ்சு இருக்கும்போது அங்கே போகக் கூடாது. நானே ஒரு மாதமாகச் சுற்றித்தான் போகிறேன். மேலே தாய்க்காக்கை கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்ப்பதை நான் பார்த்தேன். "அங்க போகாதீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனையில் தாமதமாகிவிட்டது.

உச்சந்தலையில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனது.

அப்பா பதறி ஓடிவந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செண்பகம் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "காக்கா தலையில தட்டினா சனின்னு சொல்லுவாக. எனக்கு வரவேண்டிய சனியெல்லாம் வந்து, இருந்து, சாப்பிட்டுப் போயாச்சு. இது புதுசா என்ன செய்யப் போவுது?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

பிச்சம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, திருச்செந்தூரிலிருந்து போன் செய்தார். அப்பா அவரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அத்தைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டார். எனக்கொன்றும் இல்லை என்றேன். பேச்சுவாக்கில் காக்கை தட்டிய கதையைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏ உலகு, என்ன தெனமும் காக்காகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். (உலகம்மை என்ற என் பெயரை முழுதாகச் சொல்பவர் வாக்காளர் பட்டியல்காரர் மட்டும்தான்.)

சொன்னேன். அந்த எலும்பெல்லாம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எங்க வீட்டு எலும்பா? நாங்க இவ்வளவு கறிய விட்டுட்டா எலும்பைப் போடுவோம்?" என்று கொதித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் என் கோழிக்குஞ்சை ஒண்ணு விடாம தூக்கிச்சு. கம்பியில அடிபட்டுச் செத்த ஒரு காக்காயக் கொண்டாந்து தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டேன். ஊர்க்காக்கா மொத்தமும் வந்து ஒப்பாரி வச்சிட்டுப் போச்சு. அப்புறம் ஆறு மாசம் ஒண்ணு எட்டிப் பாக்கல."

"செத்ததுக்கு நான் எங்க போவேன்?"

"செஞ்சுக்கோ. நீ படிச்ச புள்ளைல்லா?"

அக்கா கொடுத்த கருங்கோழி இறகுகள், மடங்கிப் போன ஒரு குடையின் கறுப்புத் துணி, உள்ளே வைக்கோல். மதியம் முழுக்கத் தைத்தேன். நான் செய்த கைவேலைகளிலேயே இதுதான் உருப்படியாக வந்தது. ஏணி போட்டு முருங்கைக் கிளையில் தலைகீழாகக் கட்டினேன். சிறகு ஒன்று தொங்குமாறு விட்டேன்.

கால்மணி நேரத்தில் ஒன்று வந்தது. பார்த்தது. கத்தியது. அதன்பின் வானம் கறுத்துவிட்டது. மதில், கொடி, தண்ணீர்த்தொட்டி, மின்கம்பி, எங்கும் காக்கை. ஒரே ஓலம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெற்றி என்று நினைத்திருந்தது அப்படி இருக்கவில்லை.

பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பிப் போயின. கூட்டில் இருந்த குஞ்சுகள் பறக்கப் பழகியிருக்க வேண்டும்; அவையும் போயின.

அப்பா வந்து, "என்னம்மா தொங்குது?" என்றார்.

"குடைத்துணிப்பா. காத்துல ஆடுனா காக்கா வராதாம்."

பொய் இல்லை. குடைத்துணிதான்.

ஜூன் 22, ஞாயிறு

கொத்தாத தக்காளி. முழுப்பழம். கழுவி அப்படியே தின்றேன். தோட்டம் அமைதியாக இருக்கிறது. வெண்டை மூன்றாவது முறையாக முளைத்திருக்கிறது.

மதில்மேல் அப்பா வைத்த சோறு காய்ந்து கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

நேற்றுச் சோற்றில் நெய் விட்டு வைத்தார். இன்று பருப்புக் குழைத்து, மேலே ஒரு வடை. வடை கடையில் வாங்கியது. காகிதத்தில் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு வைத்தார். மதிலருகே நின்று தெருவில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, மெல்ல, "கா... கா..." என்றார்.

இன்று நான் சொல்லாதது அதிகம். வரிசையாக எழுதினால் பக்கம் போதாது.

ஒன்று மட்டும்: அது துணி இல்லை, பிணம்.

ஜூலை 2, புதன்

அப்பா மூன்று முறை கேட்டுவிட்டார், திவசத்துக்குள் காக்கை வந்துவிடுமா என்று. வரும் என்றேன்.

அவிழ்க்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

நாளை திவசம். காலையிலிருந்து குற்றாலத்துச் சாரல் இங்கேயும் தூவுகிறது. ஏணி வழுக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஐயர் வந்து எல்லாம் முறைப்படி முடிந்தது. அத்தையும், அம்மாவின் தம்பி ஆறுமுகம் மாமாவும் வந்திருந்தார்கள். செண்பகம் வரவில்லை. இன்றைக்கு வருவது முறையாக இருக்காது என்று அவரே சொல்லிவிட்டாராம்.

அம்மாவுக்குப் பிடித்த புளிக்கூட்டு, வாழைக்காய், பாயசம் எல்லாம் தலைவாழை இலையில் வைத்து அப்பா மதில்மேல் கொண்டுபோய் வைத்தார். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட வேண்டும். அப்பா கூப்பிட்டார். மாமா கூப்பிட்டார். வெயில் ஏறியது. இலையின் ஓரம் வாடத் தொடங்கியது. வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

"தெருக்கோடியில நாலு உக்காந்திருக்கு அத்தான்" என்று மாமா வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்தார். "இங்க மட்டும்தான் வரமாட்டேங்கு." அவருக்குச் சர்க்கரை. சாமான் அறைக்குள் போய் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "மாத்திரைக்கு, ஏ உலகு, மாத்திரைக்கு" என்றார்.

ஐயர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பசுவுக்குக் கொடுத்தாலும் தோஷமில்லை என்று சொல்லி, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்.

மணி இரண்டைத் தாண்டியது. பிச்சம்மாள் அத்தை துவைகல்லில் உட்கார்ந்தபடி, யாரிடமும் என்றில்லாமல், அம்மா பெயரை இழுத்துச் சொன்னார்: "வரமாட்டா. மனசு ஆறாம கெடக்கா பகவதி. எப்படி வருவா?"

"யக்கா, சும்மா இரி" என்றார் அப்பா.

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தப் பொம்பள வாசல்ல கால் வச்ச அன்னைக்கே மண்டையில ஒரு போடு போட்டுருக்கு. அப்பவே தெரிய வேண்டாமா உனக்கு? இன்னைக்கு இலைபோட்டுக் கூப்பிட்டும் வரலன்னா இதுக்குமேல அவ வாய்திறந்தா சொல்லணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். தலையில் தட்டியது அத்தைக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் அக்காவின் தலை தெரிந்தது. முதலில் இலையைப் பார்த்தார். பிறகு எங்களை. பிறகு முருங்கை மரத்தை. அவர் வாய் திறந்தது. என் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. தலை மெதுவாக இறங்கிப் போனது.

அப்பா மறுபடி மதிலருகே போனார். "கா... கா..." என்றார். கடைசியில் அதை விட்டுவிட்டு, "பகவதி" என்று கூப்பிட்டார். "ஏ பகவதி, வந்து சாப்பிட்டுப் போளா."

அம்மா உயிரோடு இருந்தபோது அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஏணி சுவரோரம்தான் இருந்தது. சாரல் நின்று வெகுநேரமாகியிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"சரி" என்றார் அப்பா. "சொல்லிட்டா. வேண்டாம்னு சொல்லிட்டா." முன்னறைக்குப் போய் போனை எடுத்தார். கதவைச் சாத்தவில்லை. "செண்பகம், இங்க சரிப்படல... பகவதிக்கு இஷ்டமில்ல... ம்... ம்... சரி."

அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். எனக்குப் பசி இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நான் வேண்டியது நடந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமலே நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

அப்பா மதில்மேல் சோறு வைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. இன்று ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஏணி போட்டு அதை அவிழ்த்தேன். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளின்மேலேயே வைத்தேன்.

"இது என்னதுன்னு தெரியுதா?"

"குடைத்துணி."

"இல்லப்பா. செத்த காக்கா. செத்த காக்கா மாதிரி செஞ்சது. இதைத் தொங்கவிட்டா அந்தப் பக்கமே காக்கா வராது. திவசத்தன்னைக்கு வராததுக்கு இதுதான் காரணம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவுக்கல."

அப்பா அதைப் புரட்டினார். சிறகைத் தடவினார். "கோழி இறகா?"

"ரோஸ்லின் அக்கா குடுத்தாங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்க." அதைத் தள்ளி வைத்தார். "எனக்கு வருத்தமா இருக்கும்னு இப்படிச் சொல்லுத. பரவால்லம்மா."

"நெசமாத்தான்பா சொல்லுதேன்."

"காக்கா பயப்படும்மா. உங்கம்மா பயப்படுவாளா? சாரைப்பாம்பு வந்தப்போ வெளக்குமாத்த வச்சுக்கிட்டு இதே புறவாசல்ல நின்னவ. நானே உள்ள ஓடிட்டேன். அவ வரணும்னு நினைச்சிருந்தா இந்தத் துணியப் பாத்தா திரும்பிப் போயிருப்பா?"

உண்மையைச் சொன்னேன், அது செல்லுபடியாகவில்லை. எரிச்சலில் எனக்கு அழுகை வந்தது. அந்த எரிச்சலில்தான் மற்றதும் வந்தது.

"அம்மா வேண்டாம்னு சொல்லலப்பா. நான்தான் வேண்டாம்னு நினைச்சேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்க. அதுவும் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்."

"விட்டிருக்க மாட்டேன். உன்கூடப் பேசியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். உங்கம்மாகூட எப்படிப் பேச முடியும், சொல்லு?"

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இப்ப என்ன நினைக்க?" என்று கேட்டார்.

"அவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கல."

அப்பா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மதிய இடைவேளையில் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். செண்பகம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மூடியில் பாதிச் சோற்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றையும் சொன்னேன்: குடைத்துணி, ஏணி, சாரல், அத்தையிடம் போனில் பேசியது.

முழுவதையும் கேட்டுவிட்டு, "கோழி இறகா வச்சுத் தைச்ச?" என்றார், அப்பா மாதிரியே. பிறகு:

"உன்மேல எனக்கு வருத்தமில்ல. நீ மக. மக அப்படித்தான் இருப்பா. ஆனா உங்கப்பா இருக்காரே... லைன்ல காக்கா கூடு கட்டி ஊரே இருட்டாப் போச்சுன்னு புகார் வரும். எழுதி அனுப்புறது நான். கம்பு வச்சுக் கூட்டைக் கலைச்சுட்டு வர்றது அவரு. எத்தனை கூடு! அன்னைக்கெல்லாம் ஒரு முன்னோரும் குறுக்க வரல. எனக்குன்னு வந்தப்போ மட்டும் காக்காகிட்ட கேட்டுட்டாரு."

"அவருக்கு இப்ப தெரியும். நான் சொல்லிட்டேன்."

"காக்கா வந்திருந்தா நான் வேணும். வரலன்னா வேண்டாம். இதுல நான் எங்க இருக்கேன்? போன்ல ஒரு வார்த்த, 'நீ என்ன நினைக்க செண்பகம்'னு கேக்கல. பகவதிக்கு இஷ்டமில்லன்னாரு. வச்சுட்டாரு." மோரை எனக்கு ஊற்றினார். "நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். தங்கச்சி அங்கதான் இருக்கா. சாப்பிடு, ஆறுது."

எழுந்தபோது, "வாரேன் அத்தை" என்றேன். வாயில் அதுவாகவே வந்தது. அவர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்; நிமிரவில்லை.

ஜூலை 17, வியாழன்

அவர் சொன்னதை அப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எதையும் மழுப்பவில்லை. "கேட்டிருக்கணும்" என்றார். இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செண்பகம் அத்தைக்கு மாற்றல் வந்துவிட்டது. நாகர்கோவில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா காலையிலேயே குளித்து, நான் தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "நாகர்கோவில் வரைக்கும்" என்றார். பஸ்ஸில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று கட்டிக் கொடுத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

"காப்பி குடுத்தா. அவ தங்கச்சி மக்களெல்லாம் இருந்தாங்க. நீ என்ன நினைக்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வரமாட்டேன்னுட்டா."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா இன்றும் நாகர்கோவில் போனார்.